சி-யிலிருந்து டி ஷார்ப் மூன்று அரைச்சுரம்தானே? ‘மைனர் தேர்ட்’ என்றால் ஏன் தவறு என்கிறது?

இரண்டு_கீபோர்டு · இரவு 10:52

வணக்கம். பயிற்சித் தளம் ஒன்றில் தினம் ஒரு கோடிங் கணக்கு போட்டு வருகிறேன். நேற்று வந்தது இசைக் கணக்கு. இரண்டு சுரங்களின் பெயரைக் கொடுப்பார்கள். முதலாவதிலிருந்து மேலே ஏறி இரண்டாவதைத் தொட்டால், நடுவில் உள்ள இன்டர்வெல்லின் பெயரை நம் ஃபங்ஷன் சொல்ல வேண்டும். (எங்கள் வீட்டில் இன்டர்வெல் என்றால் பப்ஸ் வாங்க ஓடுகிற பத்து நிமிஷம். அதைத் தாண்டி எனக்குத் தெரியாது.)

இரண்டு வருஷமாகக் கீபோர்டில் சினிமாப் பாட்டு தட்டுகிறேன், தியரி கிடையாது. தேடிப் படித்ததில், பக்கத்துப் பக்கத்துக் கட்டைக்கு இடையில் ஓர் அரைச்சுரம், ஆக்டேவுக்கு (ஒரு சி-யிலிருந்து அடுத்த சி வரை) பன்னிரண்டு என்று புரிந்தது. ஷார்ப் என்றால் ஓர் அரைச்சுரம் மேலே, ஃப்ளாட் என்றால் ஓர் அரைச்சுரம் கீழே. அதை வைத்து ஓர் அகராதி எழுதினேன்:

0 யூனிசன், 1 மைனர் செகண்ட், 2 மேஜர் செகண்ட், 3 மைனர் தேர்ட், 4 மேஜர் தேர்ட், 5 பெர்ஃபெக்ட் ஃபோர்த், 6 ட்ரைடோன், 7 பெர்ஃபெக்ட் ஃபிஃப்த், 8 மைனர் சிக்ஸ்த், 9 மேஜர் சிக்ஸ்த், 10 மைனர் செவன்த், 11 மேஜர் செவன்த்.

கழி, 12-ஆல் வகுத்து மீதி எடு, அகராதியில் பார், திருப்பிக் கொடு. நான்கே வரி. பெருமையாக அனுப்பினால் பாதி டெஸ்ட் அடி வாங்குகிறது.

சி → டி ஷார்ப்: நான் சொன்னது மைனர் தேர்ட். அவர்கள் கேட்பது ஆக்மென்டட் செகண்ட்.
சி → இ ஃப்ளாட்: மைனர் தேர்ட் என்றேன், இது சரியாம்!
எஃப் → பி: ஆக்மென்டட் ஃபோர்த் வேண்டுமாம்.
பி → எஃப்: டிமினிஷ்ட் ஃபிஃப்த் வேண்டுமாம்.

டி ஷார்ப்பும் இ ஃப்ளாட்டும் ஒரே கறுப்புக் கட்டை. நேரில் அழுத்திப் பார்த்துவிட்டேன், ஒரே சத்தம்தான். ஒரே கட்டைக்கு எப்படி இரண்டு விடை? டெஸ்ட் தப்பா, நான் தப்பா?


மோர்க்குழம்பு · இரவு 11:05

டெஸ்ட் தப்பு. பழைய இசைப் புத்தகத்தைப் பார்த்து யாரோ எழுதியிருப்பார்கள். மிடியில் நடு சி 60, அதற்கு மேலே இருக்கும் அந்தக் கறுப்புக் கட்டை 63. அதற்கு இரண்டு எண் கிடையாது. 1983-லிருந்து உலகத்தில் இருக்கிற எல்லா சிந்தசைசரும் இதை வைத்துத்தான் பேசிக்கொள்கின்றன. தளத்தில் புகார் போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போங்கள்.


கம்பி_நான்கு · இரவு 11:48

மோர்க்குழம்பு அவசரப்படுகிறார். டெஸ்ட் நூற்றுக்கு நூறு சரி. நான் வயலின்காரன், நோட்டேஷன் எழுதிக் கொடுப்பதும் என் வேலை, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

தம்பி, இன்டர்வெல்லின் பெயரில் இரண்டு சொல் இருக்கிறதைக் கவனித்தீர்களா? ‘மைனர்’ ஒன்று, ‘தேர்ட்’ ஒன்று. இரண்டும் இரண்டு தனிக் கேள்விக்கான விடை. நீங்கள் ஒரே எண்ணை வைத்துக்கொண்டு இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லப் பார்க்கிறீர்கள்.

முதலில் பின்பாதி. ‘தேர்ட்’ என்பது எழுத்தை மட்டும் எண்ணி வருவது. ஷார்ப், ஃப்ளாட் எதையும் பார்க்கக் கூடாது. சி, டி, இ: மூன்று எழுத்து, ஆகவே தேர்ட். சி, டி: இரண்டு எழுத்து, ஆகவே செகண்ட். டி-யின் தலையில் நான்கு ஷார்ப் உட்கார்ந்தாலும் அது செகண்ட்தான். கிளம்புகிற எழுத்தையும் சேர்த்து எண்ண வேண்டும். இந்தத் திங்களிலிருந்து அடுத்த திங்கள் எட்டாம் நாள் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் எண்ணுவார்களே, அதே கணக்கு. ஏழு எழுத்துக்கு அப்புறம் வருகிற அதே எழுத்துக்கு ‘எட்டாவது’ என்ற பொருளில் ஆக்டேவ் என்று பெயர் வந்ததும் அப்படித்தான்.

அப்புறம்தான் முன்பாதி. அந்த எழுத்துத் தூரத்துக்கு வழக்கமான நீளம் எவ்வளவு, இங்கே இருப்பது எவ்வளவு என்று ஒப்பிட வேண்டும். அளவுகோல் சி மேஜர் ஸ்கேல்: சி-யிலிருந்து ஒவ்வோர் எழுத்துக்கும் 0, 2, 4, 5, 7, 9, 11 அரைச்சுரம். செகண்ட், தேர்ட், சிக்ஸ்த், செவன்த் நான்கும் ஒரு சாதி: அளவுகோலோடு ஒத்துப்போனால் மேஜர், ஒன்று குறைந்தால் மைனர், இரண்டு குறைந்தால் டிமினிஷ்ட், ஒன்று கூடினால் ஆக்மென்டட். யூனிசன், ஃபோர்த், ஃபிஃப்த், ஆக்டேவ் இன்னொரு சாதி: ஒத்துப்போனால் பெர்ஃபெக்ட், ஒன்று குறைந்தாலே டிமினிஷ்ட், கூடினால் ஆக்மென்டட். இவற்றுக்கு மேஜர், மைனர் கிடையாது.

இப்போது உங்கள் கேஸ். சி → டி ஷார்ப்: எழுத்து இரண்டு, செகண்ட். வழக்கமான நீளம் 2, இருப்பது 3. ஒன்று கூடுதல், ஆக்மென்டட். சி → இ ஃப்ளாட்: எழுத்து மூன்று, தேர்ட். வழக்கம் 4, இருப்பது 3. மைனர். எஃப்-ஜி-ஏ-பி நான்கு எழுத்து, 6 அரைச்சுரம், வழக்கத்தைவிட ஒன்று கூடுதல். பி-சி-டி-இ-எஃப் ஐந்து எழுத்து, அதே 6, ஆனால் ஒன்று குறைவு.

‘ஒரே சத்தம்தானே’ என்பதற்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஏ ஹார்மானிக் மைனரில் எஃப், ஜி ஷார்ப், ஏ என்று ஏறும். அந்த ஜி ஷார்ப்பை ஏ ஃப்ளாட் என்று எழுதிக் கொடுத்தால், வயலினில் டி கம்பியில் மூன்றாம் விரலை உயர்த்தி வைக்க வேண்டிய இடத்துக்குக் கை தானாக நான்காம் விரலைத் தாழ்த்திக் கொண்டுவரும். அடுத்து வரும் ஏ-வுக்கும் அதே நான்காம் விரல். வேகமான பாட்டில் வழுக்கி விழ வேண்டியதுதான். கீபோர்டுக்காரருக்கு ஒரே கட்டை, எங்களுக்கு வேறு வேறு விரல்.


மோர்க்குழம்பு · இரவு 11:59

விரல் சங்கடம் புரிகிறது. ஆனால் அது எழுதும் வசதிக்கான பெயர். ஒலி என்று பார்த்தால் ஒன்றே என்பதில் மாற்றமில்லை.


கம்பி_நான்கு · நள்ளிரவு 12:14

இன்றைய சம அளவு சுருதியில் ஒன்றே. ஆக்டேவைப் பன்னிரண்டு சம பங்காக வெட்டியதால் வந்த ஒற்றுமை அது. ஐரோப்பாவில் 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் பரவலாக இருந்த மீன்டோன் முறையில், மேஜர் தேர்டைச் சுத்தமாக 5:4 அதிர்வெண் விகிதத்தில் வைத்தார்கள். அங்கே டி ஷார்ப்புக்கும் இ ஃப்ளாட்டுக்கும் 41 சென்ட் வித்தியாசம், அதாவது கிட்டத்தட்ட அரைச்சுரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு. காது கேட்கிற யாருக்கும் தெரியும். அதற்காகவே கறுப்புக் கட்டையை முன்பாதி, பின்பாதி என்று இரண்டாக வெட்டிய ஹார்ப்சிகார்டுகளை இத்தாலியில் செய்தார்கள். பெயர்தான் மூத்தது, ஒரே கட்டை என்பது பிற்பாடு செய்துகொண்ட சமாதானம்.


நாட்டைக்குறிஞ்சி · காலை 6:20

பால் காய்வதற்குள் ஒரு வார்த்தை. இதற்கு இத்தாலி வரை போக வேண்டியதில்லை. பாட்டு வகுப்பில் ‘பன்னிரண்டு ஸ்தானம், பதினாறு பெயர்’ என்று மனப்பாடம் செய்தது யாருக்கும் ஞாபகம் இல்லையா?

சதுஸ்ருதி ரிஷபமும் (ரி2) சுத்த காந்தாரமும் (க1) ஒரே இடம். ஷட்ஸ்ருதி ரிஷபமும் (ரி3) சாதாரண காந்தாரமும் (க2) ஒரே இடம். மேலே தைவத-நிஷாதத்தில் அப்படியே இன்னும் இரண்டு ஜோடி. இந்த நான்கு இரட்டைப் பெயரால்தான் பன்னிரண்டு பதினாறாகிறது. ச-வைச் சி-யில் வைத்தால், தம்பி தடுக்கி விழுந்த அந்தக் கறுப்புக் கட்டை ரி3-ம் ஆகும், க2-ம் ஆகும். கரகரப்பிரியா ராகத்தில் அது க2, ஏனென்றால் ரி2 ஏற்கெனவே வந்துவிட்டது. சலநாட்டையில் அதே கட்டை ரி3, ஏனென்றால் அடுத்து க3 வரப்போகிறது. 72 மேளத்தில் (தாய் ராகங்களில்) எதை எடுத்தாலும் ஏழு பெயரும் ஒவ்வொரு முறை வந்தாக வேண்டும், ஒன்றும் விடுபடக் கூடாது, ஒன்றே இரண்டு தடவையும் வரக் கூடாது. அந்த விதியைக் காப்பாற்றத்தான் இரட்டைப் பெயர்.

நாட்டையில் ‘ச க2 க3 ம’ என்று யாராவது ஸ்வரம் சொன்னால் என் குருவம்மா தாளம் போடுவதை நிறுத்திவிட்டு மேலும் கீழும் பார்ப்பார். உங்கள் டெஸ்ட்டும் அதைத்தான் செய்கிறது.


இரண்டு_கீபோர்டு · காலை 7:45

இப்போதுதான் மண்டையில் ஏறியது! பெயரில் இருக்கிற எழுத்தை நான் வாங்கியவுடனேயே எண்ணாக மாற்றித் தூக்கி எறிந்துவிட்டேன். விடைக்கு வேண்டிய பாதித் தகவல் அதில் இருந்திருக்கிறது.

ஆஃபீஸ் கிளம்புவதற்குள் மாற்றி எழுதினேன் (பைத்தான், இங்கே பார்ப்பவர்களுக்காகத் தமிழில்):

வரிசை: சி 0, டி 1, இ 2, எஃப் 3, ஜி 4, ஏ 5, பி 6
இடம்: சி 0, டி 2, இ 4, எஃப் 5, ஜி 7, ஏ 9, பி 11
அளவுகோல் = [0, 2, 4, 5, 7, 9, 11]

பெயரைச் சின்ன எழுத்தாக்கு
ஷார்ப் குறி எத்தனையோ அத்தனையை இடத்தில் கூட்டு
ஃப்ளாட் குறி எத்தனையோ அத்தனையை இடத்தில் கழி
படி = (வரிசை2 − வரிசை1) மீதி 7
நீளம் = (இடம்2 − இடம்1) மீதி 12
விலகல் = நீளம் − அளவுகோல்[படி]
படி 0, 3, 4 என்றால் பெர்ஃபெக்ட் சாதி. மற்றது மேஜர் சாதி
விலகலைப் பார்த்துப் பெயர் சொல்

முக்கால்வாசி பாஸ். ஆனால் பி வருகிற டெஸ்ட் எல்லாம் ஊற்றிக்கொள்கிறது. எஃப் → பி என்று கொடுத்தால் பெர்ஃபெக்ட் ஃபோர்த் என்கிறது. பி மேல் மட்டும் என்ன கோபம்?


பூஜ்ஜியத்திலிருந்து · காலை 9:10

நான்காம் வரியும் ஆறாம் வரியும் சண்டை போடுகின்றன. ஃப்ளாட்டுக்குக் குறி சின்ன பி. சுரத்துக்குப் பெயர் பெரிய பி. எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்கிவிட்டு ‘பி எத்தனை’ என்று எண்ணினால் சுரத்தின் பெயரே ஒரு ஃப்ளாட்டாகிவிடும். உங்கள் பி எல்லாம் பி ஃப்ளாட், பி ஃப்ளாட் எல்லாம் டபுள் ஃப்ளாட்.

முதல் எழுத்தைத் தனியே பிரியுங்கள். மீதியில் மட்டும் குறிகளை எண்ணுங்கள். பெரிது-சிறிது மாற்றவே மாற்றாதீர்கள். மியூசிக்21 என்ற பைத்தான் நூலகத்தில் ஃப்ளாட்டுக்கு பி போடாமல் கழித்தல் குறி போடச் சொல்கிறார்கள். இந்தத் தொல்லைதான் காரணம்.

இன்னொன்று. படியைப் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணியது நல்ல காரியம், அப்படியே விடுங்கள். ஒன்றைக் கூட்டுவது திரையில் காட்டும்போது மட்டும். தேர்டும் தேர்டும் சேர்ந்தால் சிக்ஸ்த் வராது, ஃபிஃப்த்தான் வரும். பூஜ்ஜியத்திலிருந்து எண்ணினால் 2 + 2 = 4, வம்பே இல்லை. இசைக்காரர்கள் பூஜ்ஜியத்தைக் கண்டுகொள்ளாமல் போனதற்கு நாம் இன்றும் வட்டி கட்டுகிறோம்.


கம்பி_நான்கு · காலை 9:31

கடைசி வரியை ரசித்தேன், ஒத்துக்கொள்ள மாட்டேன்.


அரைத்தூக்கம் · பகல் 1:15

நானும் இதே கணக்கில்தான் நிற்கிறேன், ஆனால் ஜாவாஸ்கிரிப்ட். மேலே உள்ள வழியை வரிக்கு வரி எழுதினேன். சி → ஜி சரியாக வருகிறது. ஏ → சி போட்டால் ‘அன்டிஃபைன்ட்’ என்று கையை விரிக்கிறது. பைத்தானில் ஏன் வரவில்லை?


பூஜ்ஜியத்திலிருந்து · பகல் 1:40

மீதி. பைத்தானில் −5 மீதி 7 என்றால் 2 வரும். ஜாவாஸ்கிரிப்டில், சி மொழியில், ஜாவாவில் −5 என்றே வரும், அங்கே விடையின் குறி வகுபடும் எண்ணின் குறியோடு போகும். ஏ-வின் வரிசை எண் 5, சி-யினுடையது 0. கழித்தால் −5. அளவுகோலில் −5-ஆம் இடம் என்று எதுவும் இல்லை, அதனால் அன்டிஃபைன்ட்.

மருந்து: மீதி எடுத்து, 7 கூட்டி, மறுபடி மீதி எடுங்கள். 12-க்கும் அதேபோல. ஒரு குட்டி ஃபங்ஷனாகவே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், காலண்டர், கடிகாரம், கோலம் என்று வட்டமாகச் சுற்றுகிற எல்லாவற்றுக்கும் உதவும்.


இரண்டு_கீபோர்டு · இரவு 8:30

பி பிரச்சினை தீர்ந்தது, நன்றி. ஒரே ஒரு டெஸ்ட் பாக்கி. பி ஷார்ப் → சி ஃப்ளாட். விடை டபுளி டிமினிஷ்ட் செகண்ட் என்று எதிர்பார்க்கிறது. எனக்கு விலகல் 9 என்று வருகிறது, ஒன்பது தடவை ஆக்மென்டட் என்று எழுதிக்கொண்டே போகிறது ஃபங்ஷன்.


மோர்க்குழம்பு · இரவு 8:42

நான் முதலிலேயே சொன்னேன். உலகத்தில் எந்த மனுஷன் பி ஷார்ப்பிலிருந்து சி ஃப்ளாட்டுக்குப் போவான்?


கம்பி_நான்கு · இரவு 9:05

இதில் மோர்க்குழம்பு பக்கம் கொஞ்சம் சாய்கிறேன். இத்தனை வருஷத்தில் அப்படி ஒன்றை நான் எழுதியதில்லை. பி ஷார்ப் தனியாக வரும், சி ஷார்ப் மேஜரில் ஏழாவது சுரமே அதுதான். சி ஃப்ளாட்டும் வரும், ஜி ஃப்ளாட் மேஜரில் நான்காவது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வருவது டெஸ்ட் எழுதுகிறவர்களின் குசும்பு.


பூஜ்ஜியத்திலிருந்து · இரவு 9:20

குசும்புதான், ஆனால் நல்ல குசும்பு. ஓர் ஓட்டையைக் காட்டிக்கொடுத்திருக்கிறது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். பி ஷார்ப் = 11 + 1 = 12. அதற்கு மேலே வரும் சி-யும் 12. அந்த சி-யின் ஃப்ளாட் 11. ஆக நிஜ நீளம் −1. ‘மேலே’ போவதாகப் பெயர், சத்தம் என்னவோ கீழே இறங்குகிறது. வழக்கமான செகண்ட் 2. விலகல் −3. மேஜர் சாதியில் −1 மைனர், −2 டிமினிஷ்ட், −3 டபுளி டிமினிஷ்ட். டெஸ்ட் சரி.

நீங்கள் நீளத்தை 12-ஆல் மீதி எடுத்ததும் −1 போய் 11 ஆகிவிட்டது. 11 − 2 = 9. நீளத்தை மடக்கியது தப்பு, விலகலைத்தான் மடக்க வேண்டும். விலகல் எப்போதும் பூஜ்ஜியத்தைச் சுற்றியே இருக்கும், அதனால் −6-லிருந்து 5 வரைக்குள் கொண்டுவாருங்கள்:

விலகல் = ((இடம்2 − இடம்1 − அளவுகோல்[படி] + 6) மீதி 12) − 6

சரிபார்ப்பு: இடம்2 = −1, இடம்1 = 12, அளவுகோல் 2. −1 − 12 − 2 + 6 = −9. மீதி 3. 3 − 6 = −3. முடிந்தது. சி → சி ஃப்ளாட்டிலும் இதே ஓட்டை உங்களுக்கு இருந்திருக்கும், டெஸ்ட் இல்லாததால் தெரியவில்லை.


கம்பி_நான்கு · இரவு 9:58

இடம், வரிசை, மடக்கு எதுவுமே வேண்டாத ஒரு வழி இருக்கிறது. எனக்குப் பிடித்தது அதுதான்.

சுரங்களைக் கட்டை வரிசையில் அடுக்காமல் ஃபிஃப்த் வரிசையில் அடுக்குங்கள்: எஃப் −1, சி 0, ஜி 1, டி 2, ஏ 3, இ 4, பி 5. இதற்கு மேலே போனால் எஃப் ஷார்ப் 6, சி ஷார்ப் 7 என்று வரும், அதாவது ஒவ்வொரு ஷார்ப்புக்கும் 7 கூட்டல். எஃப்-க்குக் கீழே பி ஃப்ளாட் −2, இ ஃப்ளாட் −3, ஒவ்வொரு ஃப்ளாட்டுக்கும் 7 கழித்தல். வட்டமாகச் சுற்றாத நேர்கோடு. டி ஷார்ப் 9, இ ஃப்ளாட் −3. ஒரே கட்டை, இரண்டு ஊர்!

இப்போது வெறும் கழித்தல். வித்தியாசம் −1, 0, 1 என்றால் பெர்ஃபெக்ட். 2 முதல் 5 வரை மேஜர். 6 முதல் 12 வரை ஆக்மென்டட். எதிர்ப்பக்கம் −2 முதல் −5 வரை மைனர், −6 முதல் −12 வரை டிமினிஷ்ட். அதற்கப்புறம் ஏழு ஏழாக டபுளி, ட்ரிபிளி.

எத்தனையாவது என்பதற்கு: வித்தியாசத்தை 4-ஆல் பெருக்கி 7-ஆல் மீதி. ஒரு ஃபிஃப்த் ஏறினால் நான்கு எழுத்து நகர்கிறோம், அதனால் 4. சி → டி ஷார்ப்: 9, ஆக்மென்டட்; 36 மீதி 7 = 1, செகண்ட். பி ஷார்ப் 12, சி ஃப்ளாட் −7, வித்தியாசம் −19, டபுளி டிமினிஷ்ட்; −76 மீதி 7 = 1, செகண்ட். (அரைத்தூக்கம் கவனிக்க: இங்கேயும் அந்தக் குட்டி ஃபங்ஷன் வேண்டும்.)

பெர்ஃபெக்ட் சாதி, மேஜர் சாதி என்று பிரித்து மனப்பாடம் பண்ணினோமே, அந்தப் பிரிவே இங்கே தானாக வந்துவிடுகிறது. பூஜ்ஜியத்துக்கு ஒட்டி இருப்பவை பெர்ஃபெக்ட், அவ்வளவுதான்.


நாட்டைக்குறிஞ்சி · இரவு 10:30

கம்பி அண்ணா, நீங்கள் அடுக்கிய வரிசையைப் பார்த்து எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

சிலப்பதிகாரத்தின் பழைய உரையில் நரம்புகள், அதாவது சுரங்கள், ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கும் முறை வருகிறது. தாரத்துள் உழை தோன்றும், உழையுள் குரல், குரலுள் இளி, இளியுள் துத்தம், துத்தத்துள் விளரி, விளரியுள் கைக்கிளை. குரலை ச என்று வைத்துக்கொண்டால்: நி2, ம1, ச, ப, ரி2, த2, க3. ச-வைச் சி-யில் வையுங்கள்: பி ஃப்ளாட், எஃப், சி, ஜி, டி, ஏ, இ. உங்கள் கணக்கில் −2, −1, 0, 1, 2, 3, 4! கீழிருந்து மேலே அடுக்கினால் ஹரிகாம்போதி ராகம், பழைய பெயர் செம்பாலை. இளி என்பது ஐந்தாம் நரம்பு. ஐந்தாம் நரம்பாகத் தாவித் தாவி ஏழையும் பெற்றிருக்கிறார்கள். தஞ்சாவூரில் ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தில் இதைத்தான் பக்கம் பக்கமாகப் பிரித்து மேய்ந்திருப்பார்.


பூஜ்ஜியத்திலிருந்து · இரவு 10:41

இளங்கோவடிகளுக்கு ஒரு புல் ரிக்வெஸ்ட் அனுப்ப வேண்டியதுதான்.

அதே வேலையை வேறு விதமாகச் செய்பவர்களும் உண்டு. வால்ட்டர் ஹ்யூலட் என்பவர் 1992-இல் ஆக்டேவைப் பன்னிரண்டுக்குப் பதில் நாற்பதாக வெட்டினார். டபுள் ஷார்ப், டபுள் ஃப்ளாட் வரை ஒவ்வொரு பெயருக்கும் தனி எண். மைனர் தேர்ட் 11, ஆக்மென்டட் செகண்ட் 7, குழப்பமே வராது. மேஜர் தேர்ட் 12, மைனர் தேர்ட் 11, கூட்டினால் 23, அதுதான் பெர்ஃபெக்ட் ஃபிஃப்த். இரண்டு எண் வேண்டிய இடத்தில் ஒரே எண்ணில் இரண்டையும் அடைத்து வைக்கும் தந்திரம். இரண்டு_கீபோர்டுக்கு முதலில் இருந்த ஆசையும் அதுதானே, ஒரே எண், ஓர் அகராதி. பன்னிரண்டு போதவில்லை, நாற்பது வேண்டியிருந்தது.


மோர்க்குழம்பு · இரவு 10:55

சரி, தோற்றேன். ஆனால் ஒரு கேள்வி நிற்கிறது. மிடி ஃபைலில் 60, 63 என்று மட்டும் வந்தால் இது எது என்று உங்கள் ஐந்தாம் நரம்பு சொல்லுமா?


கம்பி_நான்கு · இரவு 11:10

சொல்லாது. எழுத்து அங்கேயே தொலைந்துவிட்டது. முன்னும் பின்னும் வரும் சுரங்களைப் பார்த்து ஊகிக்கலாம், நோட்டேஷன் மென்பொருள்கள் அப்படித்தான் ஊகிக்கின்றன. மிடியை இழுத்துப் போட்டு வந்த பக்கத்தில் ஜி ஷார்ப் இருக்க வேண்டிய இடத்தில் ஏ ஃப்ளாட்டைத் திருத்தித் திருத்தித்தான் என் ஞாயிற்றுக்கிழமைகள் போகின்றன.


இரண்டு_கீபோர்டு · மறுநாள் காலை 7:20

எல்லா டெஸ்ட்டும் பாஸ். கம்பி அண்ணாவின் வழியில் எழுதினேன், ஒன்பது வரி. ஒரே சந்தேகம்: சி → சி கொடுத்தால் யூனிசனா, ஆக்டேவா? டெஸ்ட்டில் இல்லை.


பூஜ்ஜியத்திலிருந்து · காலை 9:02

எந்த சி என்று கணக்கு சொல்லவில்லை, ஆகவே யூனிசன் என்று வைத்து, அதை ஃபங்ஷனுக்கு மேலே ஒரு குறிப்பாக எழுதிவிடுங்கள். ஆக்டேவ் எண்ணும் சேர்ந்து வந்தால்தான் பிரிக்க முடியும்.


மோர்க்குழம்பு · இரவு 9:15

திட்டாமல் ஒன்று சொல்லுங்கள். மகளுக்குக் கீபோர்டு கிரேடு தேர்வு வருகிறது. தியரித் தாளில் ஏ ஃப்ளாட்டிலிருந்து பி என்று கேட்டிருக்கிறார்கள். மூன்று அரைச்சுரம், மைனர் தேர்ட் என்று எழுதி வைத்திருக்கிறாள். ஏ, பி என்று விரல் விட்டு எண்ணினால் இரண்டுதான் வருகிறது. ஆக்மென்டட் செகண்ட் என்கிறேன், நம்ப மாட்டேன் என்கிறாள். அப்படி ஒன்றைப் பாட்டில் கேட்டதே இல்லையாம்.


நாட்டைக்குறிஞ்சி · இரவு 9:28

நீங்கள் சொன்னதுதான் சரி. உங்கள் மகள் எப்போதாவது பாட்டு வகுப்புக்குப் போயிருக்கிறாளா? சரளி வரிசை சொல்லிக் கொடுப்பது மாயாமாளவகௌளையில். ச-வைச் சி-யில் வைத்தால் த1 ஏ ஃப்ளாட், நி3 பி. முதல் நாள் ‘ச ரி க ம ப த நி ஸ்’ பாடியபோதே த-விலிருந்து நி-க்குத் தாவியது அந்த ஆக்மென்டட் செகண்ட். ரி1-லிருந்து க3-க்கும் அதேதான், டி ஃப்ளாட்டிலிருந்து இ. ஒரே ஏற்றத்தில் இரண்டு தடவை பாடியிருக்கிறாள்.


மோர்க்குழம்பு · இரவு 9:40

போனாள், மூன்றாம் மாதமே நின்றுவிட்டாள். இப்போது ஹாலில் உட்கார்ந்து ‘த நி, த நி’ என்று பாடிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். விடையை அழித்து எழுத ரப்பர் தேடிக்கொண்டிருக்கிறோம்.